இன்ஜின் வேலைக்குப் பின் வரும் டேப்பட் சத்தம்: ஹெட்டைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

இன்ஜினை இறக்கிப் பிரித்து, பிளாக்கை லேத் பட்டறையில் கொடுத்துப் போர் செய்து (சிலிண்டர் துளையைக் கடைந்து), வால்வு சீட் வெட்டி, எல்லாவற்றையும் பூட்டி முதல் முறையாகச் சாவியைத் திருப்பும்போது, ஹெட்டின் மேலிருந்து தையல் இயந்திரம் ஓடுவதைப் போன்ற ‘டிக் டிக்’ ஓசை கேட்டால் எந்த மெக்கானிக்குக்கும் வயிறு கலங்கும். ‘லிஃப்டர் போய்விட்டது, புது செட் வாங்கி வாருங்கள்’ என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிடுவது எளிது. (லிஃப்டர் என்பது வால்வின் இடைவெளியை ஆயிலின் உதவியால் தானே மூடிக்கொள்ளும் டேப்பட்.) ஆனால் புது செட் போட்ட பிறகும் அதே சத்தம் தொடர்ந்த வண்டிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. வேலை முடிந்த இன்ஜினில் லிஃப்டர் சத்தம் போடுவது, பெரும்பாலும் அதற்கு ஆயில் போய்ச் சேராததாலோ, அதைச் சுற்றியுள்ள அளவுகளை நாமே மாற்றிவிட்டதாலோதான்.

உதாரணத்துக்கு மாருதி ஸ்விஃப்ட், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ ஆகிய வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். 1,248 சிசி, 4 சிலிண்டர், 16 வால்வு கொண்ட இந்த இன்ஜினில், வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட்டுகள் இரண்டும், ஹெட்டின் மேல் தனியாகப் பூட்டப்படும் அலுமினிய உறைக்குள் இருக்கின்றன. வால்வை அழுத்தும் சிறு நெம்புகோலான ராக்கரும் லிஃப்டரும் கண்ணில் பட வேண்டுமானால் அந்த உறையைத் தூக்க வேண்டும். அதற்கு கேமும் கிராங்கும் நகராதபடி டைமிங் பின்களைச் செருகி நிறுத்தி, செயினையும் கழற்ற வேண்டும். அரை நாள் வேலையும் சீலன்ட் செலவும் பிடிக்கும் காரியம் என்பதால், வெளியிலிருந்து செய்யக்கூடிய சோதனைகள் அனைத்தையும் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் அந்த உறையில் கை வைக்க வேண்டும்.

எந்த வண்டியானாலும், அதிலிருப்பது எந்த வகை டேப்பட் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பழைய அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினில் இருப்பது திருகு வைத்துச் சரிசெய்யும் சாதாரண டேப்பட், அங்கே 0.38 மில்லிமீட்டர், அதாவது 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு) இடைவெளி இருக்க வேண்டும். எட்டு வால்வுகளுக்கும் கூட்டுத்தொகை ஒன்பது வரும்படி, எட்டாவது வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதையும் என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது. மல்டிஜெட் போன்ற ஹைட்ராலிக் லிஃப்டரில் வைப்பதற்குத் திருகும் இல்லை, இடைவெளியும் இல்லை.

ஹைட்ராலிக் லிஃப்டர் என்பது, ஒரு சிறிய உருளைக்குள் நகரும் பிளஞ்சரும், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங்கும், ஆயிலை உள்ளே விட்டுத் திரும்ப விடாத ஒரு சிறு பந்து வால்வும் மட்டுமே. கேமின் மூக்கு, அதாவது அதன் புடைத்த பகுதி, விலகியிருக்கும் நேரத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியை மூடுகிறது, அந்த இடத்தில் ஆயில் புகுந்து நிறைகிறது. மூக்கு அழுத்தும்போது பந்து அடைத்துக்கொள்வதால் உள்ளே சிக்கிய ஆயில் இரும்பைப் போல நின்று வால்வைத் திறக்கிறது. ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். உள்ளே காற்றுக் குமிழி இருந்தாலும், பந்தின் இருக்கையில் ஒரு துளி இரும்புத்தூள் ஒட்டியிருந்தாலும், மூக்கு அழுத்தும்போது பிளஞ்சர் உள்ளே போய்விட்டு, பிறகு ராக்கர் ‘டிக்’ என்று மோதுகிறது.

ஆகவே முதல் ஸ்டார்ட்டில் சிறிது நேரம் சத்தம் வருவது இயல்பு. அதைக் குறைக்க, டீசல் பாயாதபடி இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் போகாமல் இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடித்து, ஆயில் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். புதிய ஃபில்டரில் முன்னதாகவே ஆயில் ஊற்றி நனைத்துவைப்பது நல்லது. ஸ்டார்ட் ஆன பிறகு ஐட்லிங்கிலேயே விட்டுக்கொண்டிருந்தால் ஆயில் அழுத்தம் குறைவாகவே இருக்கும், காற்றும் எளிதில் வெளியேறாது; 2,000 முதல் 2,500 ஆர்பிஎம் வரை சில நிமிடங்கள் பிடித்து, ஐட்லிங்குக்கு விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஒரு முறை ஓடி நிற்கும் அளவுக்கு இன்ஜின் சூடாகியும் சத்தம் அடங்கவில்லையென்றால், அதற்குப் பிறகுதான் ‘கோளாறு’ என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது, கேட்கும் சத்தம் லிஃப்டருடையதுதானா என்று பிரித்தறிவது. கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஆறு ஏழு முறை தட்டும். கைபேசியில் பத்து வினாடி பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு எண்ணினால் 67 வாக்கில் வர வேண்டும். அதற்கு இரு மடங்கு வந்தால் கிராங்கோடு சுற்றும் ஏதோ ஒன்று, பெரும்பாலும் டேம்பர் புல்லியோ ஃப்ளைவீலோ தட்டுகிறது என்று பொருள். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிவிடக் கூடாது. இன்ஜெக்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தெளிக்கிறது, பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கும் எரியும் வீச்சில்தான் பலமாக இடிக்கிறது. மூன்றும் ஒரே தாளத்தில் வரும்.

அவற்றைப் பிரிக்க, ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒரு முறை கழற்றி மாட்ட வேண்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் மறைந்தாலோ மந்தமானாலோ, அது எரிதலோடு தொடர்புள்ளது. இன்ஜெக்டரையும் பிக் எண்டையும் பார்க்க வேண்டும். எதைக் கழற்றினாலும் மாறாமல் அதே கூர்மையோடு தட்டிக்கொண்டிருந்தால் வால்வு பக்கம்தான் ஐயம் வலுக்கிறது. இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷரைப் பழையதையே போட்டிருந்தால் ‘சுஃப் சுஃப்’ என்று காற்றுக் கசிந்து, டேப்பட் சத்தத்தைப் போலவே ஏமாற்றும். இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தாரைப் போலப் படிந்திருப்பது அதன் அடையாளம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஆனால் அது ஏற்றத்தில் இழுக்கும்போது கூடும், இன்ஜின் சூடானதும் உலோகம் விரிந்து குறையும்.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் சிறந்தது. இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்கலாம். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஃபேனும் பெல்ட்டும் இல்லாத பக்கமாக நின்று கேட்க வேண்டும். கேம் உறையின் போல்ட்டுகளின் தலையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால், ஓரிடத்தில் ஊசி குத்துவதைப் போலக் கூர்மையாகவும் மற்ற இடங்களில் மழுங்கலாகவும் கேட்கும். செயின் பக்கம் மட்டும் சலசலத்தால் அது செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். பிரேக்குக்கான வேக்யூம் பம்ப்பும் கேம் ஷாஃப்ட்டிலிருந்தே சுற்றுவதால் அதன் மேலும் ஒரு முறை வைத்துக் கேட்பது நல்லது.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் இந்த வேலையில் பாதி விடை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி மட்டும் தட்டிவிட்டு அடங்கினால், இரவில் லிஃப்டரிலிருந்து ஆயில் வடிகிறது அல்லது ஃபில்டருக்குள் ஆயிலைத் தாங்கும் ரப்பர் வால்வு சரியில்லை. ஃபில்டரை மாற்றிப் பார்த்தாலே போதும். குளிரில் அமைதியாக இருந்து, சூடானதும் ஐட்லிங்கில் தட்டி, ரேஸ் செய்ததும் மறைந்தால் ஆயில் அழுத்தம் குறைவு. ஐட்லிங்கில் அமைதியாக இருந்து அதிக வேகத்தில் மட்டும் தட்டினால் ஆயிலில் நுரை; டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் கிராங்க் அதைக் கடைந்து காற்றைக் கலந்துவிடுகிறது, மிகக் குறைவாக இருந்தாலோ பம்ப்பே காற்றை உறிஞ்சுகிறது. சூடு, வேகம் எதற்கும் அசையாமல் ஒரே லிஃப்டர் எப்போதும் தட்டினால் அது அடைப்பாகவோ, இடம் மாறிய ராக்கராகவோ, அளவு தப்பிய வால்வாகவோ இருக்கும்.

ஆயில் அழுத்தத்தை டாஷ்போர்டு விளக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. அது மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணைந்துவிடும். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். சரியான எண்ணுக்கு அந்த இன்ஜினின் கையேடுதான் அளவுகோல். கையேடு கிடைக்காத நேரத்தில், ஒவ்வொரு 1,000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 0.7 பார் இருக்க வேண்டும் என்ற பழைய பட்டறைக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். அழுத்தம் குறைவாக இருந்தால் மேலே ஏறிப் பயனில்லை: பேரிங் இடைவெளி, பம்ப்பின் ரிலீஃப் வால்வு, சம்ப்பிலுள்ள (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் ஆகியவற்றைக் கீழேதான் தேட வேண்டும். கெட்டியான ஆயிலையோ டப்பாவில் வரும் மருந்தையோ ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது, காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம்.

அழுத்தம் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் தட்டினால், பிளாக்கில் இருக்கும் ஆயில் அந்த மூலைக்குப் போகவில்லை. ஒரு முறை நானே பூட்டிய இன்ஜினில் மூன்றாவது சிலிண்டர் பக்கம் இப்படித் தட்டியது. இரண்டு நாள் அலைந்த பிறகு உறையைத் தூக்கிப் பார்த்தால், நான் தாராளமாகத் தடவிய சீலன்ட், பூட்டும்போது உள்பக்கம் பிதுங்கி, அரிசிமணி அளவுக்கு உருண்டு, லிஃப்டருக்குப் போகும் துளையில் உட்கார்ந்திருந்தது. லிஃப்டரில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து சீலன்ட்டை மெல்லிய ஒரே கோடாக, துளைகளுக்கு விலகி மட்டுமே இடுகிறேன். போர் செய்த பிளாக்கில் ஆயில் வழிகளின் அடைப்புகளைக் கழற்றி, பிரஷ் விட்டு, சுடு சோப்பு நீரால் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும்; அதைச் செய்யாமல் பூட்டினாலும் இதே கதிதான். அங்கே சீலன்ட்டுக்குப் பதிலாக இரும்புத்தூள்.

பலரும் கவனிக்காமல் விடுவது வால்வின் உயரம். சீட்டை ஆழமாக வெட்டி, வால்வின் முகத்தையும் சாணை பிடித்தால், வால்வு ஹெட்டுக்குள் அமிழ்ந்து, அதன் தண்டு மேல்பக்கம் அதிகமாக நீட்டிக்கொள்ளும். ஹைட்ராலிக் பிளஞ்சர் தாங்கக்கூடிய வேறுபாடு மிகச் சிறியது. தண்டு எல்லை மீறி உயர்ந்தால் பிளஞ்சர் அடிவரை அமுங்கி, வால்வு முழுவதுமாக மூடாது. அப்போது சத்தமே வராது, கம்ப்ரஷன்தான் போகும். தண்டின் நுனியை அதிகமாகச் சாணை பிடித்திருந்தாலோ, புதிய சீட் உயரமாக உட்கார்ந்திருந்தாலோ நிலைமை தலைகீழ்: பிளஞ்சர் முழுவதும் நீண்டும் ராக்கரை எட்டாது, எத்தனை லிஃப்டர் மாற்றினாலும் தட்டிக்கொண்டே இருக்கும். வால்வு தண்டின் உயரத்தை ஹெட் மேசையில் இருக்கும்போதே வெர்னியரால் அளந்து, பதினாறையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிவைத்திருந்தால் இப்போது அந்தத் தாள் கைகொடுக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் உறையைத் தூக்க நேர்ந்தால், ராக்கர்களும் லிஃப்டர்களும் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அதே வரிசையில், துளையிட்ட அட்டையில் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் ஆயில் வடிந்துவிடும். ஒவ்வொரு லிஃப்டரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நிறைந்திருப்பது கல்லைப் போல நிற்கும். ஸ்பஞ்சைப் போல அமுங்குவதைச் சுத்தமான இன்ஜின் ஆயிலில் மூழ்கவைத்து, பந்து வால்வை மெல்லிய கம்பியால் மெதுவாக அழுத்தி, குமிழி நிற்கும்வரை பிளஞ்சரை இயக்க வேண்டும். அதன் பிறகும் அமுங்கினால் மட்டுமே அந்த லிஃப்டரை மாற்றலாம். ராக்கரின் உருளை தடையின்றிச் சுற்றுகிறதா, கேமின் மூக்கில் கீறலோ குழியோ உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

திரும்ப உறையை இறக்கும்போது ராக்கர் ஒன்று லிஃப்டரின் தலையிலிருந்து நழுவிவிட்டால், மேலே பூட்டியபின் அது தெரியாது. முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். அதனால் டார்ச் அடித்துப் பதினாறையும் எண்ணிய பிறகே போல்ட்டைப் போட வேண்டும். நிறைந்த லிஃப்டர்கள் அந்த நேரத்தில் வால்வுகளைச் சிறிது திறந்தே வைத்திருக்கும், உடனே செல்ஃப் அடித்தால் பிஸ்டன் வால்வில் மோதக்கூடும். பூட்டிய பின் அரை மணி நேரம் விட்டு, டைமிங் பின்களை எடுத்துவிட்டோமா என்று சரிபார்த்து, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் வைத்து இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லையென்றால் மட்டும் சாவியைத் திருப்பலாம்.