வாங்கும் முன் நாட்டுடைமையா என்று பாருங்கள்

பிடித்த எழுத்தாளர் தன்னைப் பாதித்ததாகச் சொல்லும் முன்னோடியின் நூலை வாங்கும் முன், அது நாட்டுடைமை ஆனதா என்று பாருங்கள். தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கிய நூல்களை யாரும் பதிப்பிக்கலாம். பாரதி, கல்கி, புதுமைப்பித்தன் எல்லாம் இந்த வரிசைதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்திலும் தேடினால் பலவும் இலவசமாகக் கிடைக்கும். முன்னது பெரும்பாலும் பழைய அச்சுப் பக்கங்களின் ஸ்கேன். போனில் படிக்க மதுரைத் திட்டமே சௌகரியம்.

வாழும் எழுத்தாளர்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்தாது. டால்ஸ்டாய் போன்றோரின் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் அப்படித்தான். மூலம் பழையதானாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. பாடபேதம், அதாவது பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்களைப் பார்த்துப் படிப்பவர்கள் மட்டும், அவற்றை ஒப்பிட்டுத் திருத்திய செம்பதிப்பையே காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.