முத்திரை குத்திய கடிதமெல்லாம் நீதிமன்றக் கட்டளை ஆகாது

திருகோணமலைக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அருகே மரநிழலில், மூதூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த காவலாளி ஒருவர் தன் பொலித்தீன் பையை அவிழ்த்து என் மடியில் வைத்தார். உள்ளே நான்காக மடித்த ஒரு கடிதம். அவரை மீண்டும் வேலைக்குச் சேர்ப்பது பற்றிப் பேசித் தீர்க்க வருமாறு தொழில் உத்தியோகத்தர் ஒருவர் முதலாளிக்கு எழுதியதன் பிரதி அது. மூலையில் ஊதா நிற முத்திரை. அதற்கு மேலே சிவப்புப் பேனையால் ‘நீதிமன்றக் கட்டளை’ என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதலாளி வரவில்லை. ஆகவே அவமதிப்பு வழக்குப் போட வேண்டும் என்றார். வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க, வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதந்தான் தவணை. அந்தக் கடிதத்தை நம்பியே அவர் அந்தத் தவணையைத் தவறவிட்டார்.

மனு எழுத உதவுகிறவன் என்ற முறையில் நான் அடிக்கடி காணும் தவறு இது. அலுவலர் ஒருவர் விசாரிக்கிறார், அழைப்பாணை அனுப்புகிறார், சத்தியம் செய்விக்கிறார், முடிவு சொல்கிறார். ஆகவே அவர் நீதிமன்றம் என்று எண்ணிவிடுகிறோம். இந்த அடையாளங்கள் எதுவும் போதாது என்று அன்று நம் நாட்டுக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த பிரித்தானியக் கோமறைக் கழகம் 1930ஆம் ஆண்டிலேயே, அவுஸ்திரேலிய வரி வழக்கொன்றில், ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிட்டது. சாட்சிகளைச் சத்தியத்தின் மேல் விசாரிப்பதோ, இறுதி முடிவு தருவதோ, மேன்முறையீடு இருப்பதோ ஒரு சபையைத் தானாக நீதிமன்றம் ஆக்கிவிடாது. பெயரும் ஆக்காது. இங்கிலாந்தின் உள்ளூர் மதிப்பீட்டு நீதிமன்றத்துக்குப் பெயரே நீதிமன்றம். ஆனாலும் அவமதிப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு இல்லை என்று 1980இல் பிரபுக்கள் சபை தீர்த்தது.

நம் இலங்கையிலேயே இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு உண்டு. தொழில் நியாயசபையின் தலைவர் நீதித்துறைப் பதவி வகிப்பவர் அல்லர் என்று 1967இல் தேவநாயகம் வழக்கில் கோமறைக் கழகம் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் இருவர் உடன்படவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ ‘நீதித்துறை அலுவலர்’ என்ற சொல்லுக்குள் தொழில் தகராறுகளைத் தீர்க்கும் நியாயசபைகளின் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டது. நீதி சார்ந்த வேலையை முதன்மைக் கடமையாகக் கொள்ளாத அரச அலுவலரை அதே வரைவிலக்கணம் வெளியே நிறுத்தியது. பிரதேச செயலாளரும் தொழில் உத்தியோகத்தரும் விசாரணை நடத்தினாலும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான். ஆகவே கேட்க வேண்டியது அந்த ஆளின் தோரணையை அல்ல, அவரை உருவாக்கிய சட்டத்தை.

இன்னொரு தவறு மொழியிலிருந்தே பிறக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டக் கட்டுரைகளை வாசித்துவிட்டு அப்படியே மனுவில் எழுதுகிறார்கள். அங்கே ‘உயர் நீதிமன்றம்’ என்பது மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். இங்கே அதே சொல் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தைக் குறிக்கும். மாகாணத்தில் இருப்பது மேல் நீதிமன்றம். இந்தியாவில் கீழ் நீதிமன்றங்களின் அவமதிப்பை உயர் நீதிமன்றம் விசாரிக்கும் என்று படித்தவர், இங்கே எந்தக் கதவைத் தட்டுவார்? நம் அரசியலமைப்பின் 105ஆம் உறுப்புரை, ஏனைய நீதிமன்றங்கள், நியாயசபைகள், நீதி நிர்வாக நிறுவனங்கள் ஆகியவற்றின் அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தருகிறது. ஹோமாகம நீதவான் நீதிமன்றத்துக்குள் நடந்ததற்காக ஞானசார தேரர் என்ற பௌத்த பிக்குவுக்கு 2018இல் தண்டனை விதித்தது மேன்முறையீட்டு நீதிமன்றமே. நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும் தம் முன்னிலையில் நடக்கும் அவமதிப்பைத் தாமே தண்டிக்கலாம். வெளியே நடந்த எல்லாவற்றுக்கும் அங்கே மனுப் போட முடியாது.

‘நீதிமன்றம் இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கைவிடுவது இதைவிடப் பெரிய தவறு. இதில் எனக்கு உண்மையாகவே மனவருத்தம் உண்டு, ஏனென்றால் சட்டம் பல இடங்களில் வேறு வழி திறந்து வைத்திருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழு நீதிமன்றம் அல்ல. ஆனால் அதன் அழைப்பாணையைக் காரணமின்றிப் புறக்கணிப்பது உயர் நீதிமன்றத்தை அவமதித்தது போலவே தண்டிக்கப்படலாம் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதே ஆணைக்குழுவின் பரிந்துரை நிறைவேறாமல் போனால் பாதை வேறு: சனாதிபதிக்கு அறிக்கை, பின்பு அது பாராளுமன்றத்துக்கு. அழைப்பாணை வேறு, பரிந்துரை வேறு. தகவலறியும் உரிமை ஆணைக்குழுவின் தீர்மானத்தை மதிக்காத அலுவலர்மீது அவமதிப்பு என்று எழுதினால் மனு நிற்காது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. நீதவான் முன் சுருக்கமுறை விசாரணை. ஐம்பதாயிரம் ரூபாய்வரை தண்டம் அல்லது இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். நீதி சார்ந்த அதிகாரத்தைச் சட்டப்படி பெற்ற அரச அலுவலரின் பணியில் யாரேனும் குறுக்கிட்டால், 111இ உறுப்புரையின் கீழ் அது மேல் நீதிமன்றம் தண்டிக்கக்கூடிய குற்றம். அங்கே ‘இவர் நீதிமன்றமா’ என்ற கேள்வியே எழுவதில்லை.

இதற்கு நேர்மாறான தவறு காணி விடயத்தில் நேர்கிறது. குச்சவெளிப் பக்கமும் கந்தளாய்ப் பக்கமும் அரச காணியில் இருப்போருக்கு வெளியேறும் அறிவித்தல் வரும். ‘இது நீதிமன்றக் கட்டளை இல்லையே’ என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மைதான், அது தகுதிவாய்ந்த அதிகாரியின் அறிவித்தல். அதை மீறுவது அவமதிப்பு ஆகாது. ஆனால் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி அடுத்த படி நீதவான் நீதிமன்றம். அங்கே அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ காட்டாமல் வேறு நியாயம் பேச இடம் கிடையாது. அந்த அறிவித்தலை எதிர்த்து எழுத்தாணை (அரச அலுவலரின் செயலைக் கட்டுப்படுத்த நீதிமன்றம் தரும் ஆணை) கேட்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்த்ததால், திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. பஸ் செலவையும் சட்டத்தரணிக் கட்டணத்தையும் பொறுக்க முடியாத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பாரம் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலர் ஒருவரே தன் சட்டக் கடமையைச் செய்யாமல் இழுத்தடித்தால், முதலில் அதைச் செய்யும்படி நீதிமன்றம் பணிக்கும் ஆணையீட்டு எழுத்தாணை. அது கிடைத்த பிறகும் அவர் அசையாவிட்டால் அப்போதுதான் அவமதிப்பு, ஏனென்றால் இப்போது மீறப்படுவது நீதிமன்றத்தின் சொல். படியைத் தாண்டிப் போனவர்கள் பலர் முதல் தவணையிலேயே திரும்பி வந்திருக்கிறார்கள்.

அந்தக் காவலாளியின் பையில் இரண்டாவது கடிதம் ஒன்றும் இருந்தது. ஊழியர் சேமலாப நிதி கட்டப்படவில்லை என்பது பற்றியது. அதன்மேல் யாரும் சிவப்புப் பேனையால் எதுவும் எழுதியிருக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தொழில் ஆணையாளர் சான்றிதழ் அனுப்பினால் அந்தப் பணத்தை நீதவான் நீதிமன்றமே அறவிடும். முதல் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டாவதன் பிரதியோடு அவரைத் தொழில் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.