ஒரே ஆளுக்கு மூன்று பெயர்: சாலிஸ்பரி பிரபுவின் வம்சாவளியை வரைவது எப்படி?

தாது வருஷப் பஞ்சத்தைப் (1876-78) பற்றிப் படிக்கும்போது, அப்போது லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த சாலிஸ்பரி பிரபு எந்தக் குடும்பம், எப்படி வளர்ந்தவர் என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தேன். எனக்கு ஒரு வாரம் பிடித்தது, உங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

பெரிய தாளும் பென்சிலும் எடுங்கள். மென்பொருளெல்லாம் வேண்டாம், அழித்து அழித்து எழுத வேண்டிய வேலை இது.

நடுவில் ராபர்ட் செசில், அதாவது நம் சாலிஸ்பரி பிரபு. பிறப்பு 1830, ஹாட்ஃபீல்ட் மாளிகை. மேலே அப்பா, இரண்டாவது சாலிஸ்பரி மார்க்விஸ் (மார்க்விஸ் என்பது ஒரு பிரபுப் பட்டம்). பக்கத்தில் மனைவி ஜார்ஜினா ஆல்டர்சன். நீதிபதியின் மகள். 1857இல் நடந்த இந்தக் கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, கையில் காசும் குறைவு, அதனால் ராபர்ட் பத்திரிகைகளுக்கு எழுதிச் சம்பாதித்தார்.

அடுத்ததுதான் நான் மாட்டிக்கொண்ட இடம். இளைய மகன் என்பதால் அவர் முதலில் லார்ட் ராபர்ட் செசில். 1865இல் அண்ணன் இறந்ததும் வாரிசுக்குரிய கிரான்போர்ன் வைகவுண்ட் பட்டம் வந்தது. 1868இல் அப்பா இறந்ததும் சாலிஸ்பரி மார்க்விஸ். நானோ, 1866இல் ஒரிசா பஞ்சத்தின்போது இந்தியா மந்திரியாக இருந்த கிரான்போர்னுக்குத் தனிக் கட்டம் போட்டு வைத்திருந்தேன். இரண்டும் ஒரே ஆள்! ஒரிசாவில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பதவிக்கு வந்த புதிதில் சும்மா இருந்துவிட்டோமே என்று அவர் பின்னால் வருந்தியிருக்கிறார். பத்து வருஷம் கழித்து சென்னை மாகாணம் பட்டினியில் கிடந்தபோதும் அதே நாற்காலியில் அவரே. இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கிய பிறகு வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை.

ஆகவே பெயருக்குக் கீழே மூன்று பட்டங்களையும் வருடத்தோடு எழுதிவிடுங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹான்சார்டில் அவர் பேச்சுகளைத் தேடும்போதும் இதுதான் கைகொடுக்கும்.

சரி, பிள்ளைகள். ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். ஒரு பெண் குழந்தையிலேயே போய்விட்டது. மகள் க்வெண்டொலன்தான் பிற்பாடு அப்பாவின் வரலாற்றை எழுதியவர். ராபர்ட்டின் அக்கா பிளாஞ்ச் பக்கம் ஒரு கோடு இழுக்க மறக்காதீர்கள்: மூன்று முறை பிரதமராக இருந்த மாமா 1902இல் விலகியதும் அந்த இடத்துக்கு வந்த ஆர்தர் பால்ஃபர், அக்கா மகன்.

பின்சேர்க்கை: நோபல் வாங்கிய லார்ட் ராபர்ட் செசில் இவரா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை, 1937இல் அமைதிப் பரிசு பெற்றவர் இவருடைய மகன், பிறப்பு 1864. அந்தப் பெயர் 1853இல் ஸ்டாம்ஃபோர்டு தொகுதி உறுப்பினராக வந்தால் அது அப்பா.