ஃபேட்டி லிவர் இருக்கிறதா? எடையோடு தசையையும் அளந்து பாருங்கள்

84 கிலோவிலிருந்து 75-க்கு இறங்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கேனில் இரண்டாம் கிரேடு ஃபேட்டி லிவர் என்று எழுதித் தந்ததும் இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தியவன் நான். அதே வாரம் தரையில் உட்கார்ந்துவிட்டு எழப் பார்த்தேன். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை. கொழுப்போடு தசையும் கரைந்துபோயிருந்தது.

சாப்பிட்ட பிறகு இன்சுலின் தள்ளிவிடும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைதான். தசை குறைந்தாலோ, இன்சுலின் சொல்லைக் கேட்காமல் போனாலோ, மிச்சச் சர்க்கரை கல்லீரல் பக்கம் திரும்பி அங்கே கொழுப்பாக மாறுகிறது. கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் ஏறினால் அது தசையைக் கரைக்கிறது. ஒன்றை ஒன்று கீழே இழுக்கும் கதை. ஒல்லியானவர்களுக்கும் ஃபேட்டி லிவர் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

(2023-இல் நோயின் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய ரிப்போர்ட்டில் என்ஏஎஃப்எல்டி, புதியதில் எம்ஏஎஸ்எல்டி என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.)

படி 1: நாற்காலிச் சோதனை

கைப்பிடி இல்லாத, மெத்தை இல்லாத, சுவரோடு ஒட்டிப்போட்ட நாற்காலி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும்; ஐந்தாவது முறை நிமிர்ந்து நிற்கும்போது ஸ்டாப்வாட்சை நிறுத்துங்கள். ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத் தேய்வு, அதாவது சார்கோபீனியா, இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். நான் முதலில் சோபாவில், தொடையில் கை வைத்து அழுத்தி, 9 வினாடியில் முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒழுங்காகச் செய்தபோது 14.

படி 2: கெண்டைக்கால் சுற்றளவு

தையல் டேப் போதும். மிகத் தடித்த இடத்தில், இறுக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். உடல் கொழுப்புச் சதவீதம் காட்டும் வீட்டுத் தராசை வாங்காதீர்கள் என்பேன். தண்ணீர் குடிப்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று சொல்லும். அந்தக் காசில் கைப்பிடி வலிமை அளக்கும் டைனமோமீட்டர் வாங்கலாம்: ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் குறைந்தால் வலிமை குறைவு.

படி 3: ஃபிப்-4 கணக்கு

கல்லீரலில் தழும்பு ஏறியிருக்க வாய்ப்பு உண்டா என்று சொல்லும் எளிய கணக்கு. ஏஎஸ்டி, ஏஎல்டி என்பவை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் கல்லீரல் நொதிகள். வயதை ஏஎஸ்டி எண்ணால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். இரண்டு இடத்தில் சறுக்கும்: வர்க்கமூலத்தை மறப்பது, பிளேட்லெட்டை 2,40,000 என்றே போடுவது. 240 என்று போட வேண்டும்.

என் கணக்கு: வயது 46, ஏஎஸ்டி 44, ஏஎல்டி 58, பிளேட்லெட் 240. விடை 1.1. 1.3-க்குக் கீழே இருந்தால் தழும்பு அதிகம் இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. மேலே போனால் டாக்டரைப் பாருங்கள், பிறகு படி 4.

படி 4: பளு, புரதம்

வாரம் இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையை மார்பு நோக்கி இழுத்தல். 12 தடவை சுலபமாக வந்தால் கனத்தைக் கூட்டுங்கள். கூட்டாமல் மாதக்கணக்கில் அதையே செய்வது வீண். நடையை விடவேண்டாம். எடை இறங்காவிட்டாலும் பளுப்பயிற்சி கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும். புரதம், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.2 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர் சொல்லட்டும். எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும், அழற்சி தணிய 7 முதல் 10 வேண்டும். என்னைப் போல் அவசரப்படாதீர்கள். சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) உள்ளவர்கள் இரவு பட்டினி கிடக்கவே கூடாது, அவர்களுக்குத் தசை இன்னும் வேகமாகக் கரையும்.

படி 5: மறு ரத்தப் பரிசோதனை (என்னைக் கவிழ்த்த இடம்)

பயிற்சி தொடங்கி ஆறாவது வாரம். முந்தின நாள்தான் காலுக்குக் கனத்தைக் கூட்டியிருந்தேன், மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கும் அளவுக்கு வலி. அப்படியே போய் ரத்தம் கொடுத்தேன். ஏஎஸ்டி 96, ஏஎல்டி 70. ஃபிப்-4 போட்டால் 2.2! ஒரு ராத்திரி தூங்கவில்லை. பயிற்சியால்தான் கல்லீரல் கெட்டது என்று ரப்பர் பட்டையைத் தூக்கி அலமாரிக்கு மேல் போட்டேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து என்ன செஞ்சீங்க?" ஏஎஸ்டி, ஏஎல்டி இரண்டும் தசையிலும் உண்டு. பழகாத பளு தூக்கித் தசை நார் நுண்ணியதாகக் கிழிந்தால் இவை ரத்தத்தில் கசியும். ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். சிகே என்ற தசை நொதியைப் பார்த்தார், அது எக்கச்சக்கம். ஜிஜிடி என்ற இன்னொரு கல்லீரல் நொதி பழைய அளவிலேயே இருந்தது. அது தசையிலிருந்து வருவதில்லை. பத்து நாள் பளு தொடாமல் மறுபடி பார்த்தபோது ஏஎஸ்டி 38.

ஆகவே சோதனைக்கு முன் பத்து நாள் கனமான பயிற்சி வேண்டாம், நடக்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும் பயிற்சி செய்வதை நீங்களே சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: படி 2-இல் தனக்கு 38 செ.மீ. வருகிறது, ஆனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பாருங்கள் என்றேன். குழி விழுந்து அப்படியே நின்றதாம். அது நீர் தேங்கிய வீக்கம், டேப் அளந்தது தண்ணீரை. குழி விழுந்தால் டேப்பை வைத்துவிட்டு அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். பருமனானவர்களுக்கும் கெண்டைக்கால் கொழுப்பு டேப்பை ஏமாற்றும், அவர்கள் நாற்காலிச் சோதனையை நம்பலாம்.