பழைய ஜீப்புக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் ஒயரில் தொடங்குங்கள்

என்னிடம் இருப்பது 1992 மாடல் மஹிந்திரா சிஜே 500டி. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. விடியும் முன்னே முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் திரும்பி இறங்கும்போது நன்றாக இருட்டிவிடும். 17 கொண்டை ஊசி வளைவு, பாதி நாள் மேகம் ரோட்டிலேயே படுத்திருக்கும். இந்தப் பாதையில் ஹெட்லைட் என்பது பிரேக் மாதிரி. இருந்தே ஆக வேண்டும்.

ஹெட்லைட் மங்கல் என்றதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடையில் 100/90 வாட் பல்பு ஜோடி வாங்கி, பழைய ஒயரிலேயே மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரம் நன்றாக எரிந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம், பின்னால் தோட்டத்து வேலை முடிந்த அக்காமார் எட்டுப் பேர். இறங்கி வரும் வழியில் பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. பிரேக் லைனிங் சூடாகிறது என்று நினைத்தேன். எதிரே லாரி வர, டிம் பண்ண, காலடியில் இருக்கும் டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்சை மிதித்தேன். இரண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியும், எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. அப்படியே நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். ஓர் அக்கா செல்போன் டார்ச்சை மேல் வளைவைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம் கழித்து வந்த இன்னொரு ஜீப்பின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் டிப்பர் சுவிட்சைக் கழற்றினேன். பித்தளைத் தகடு கருகிய பேக்கலைட்டுக்குள் சாய்ந்து புதைந்திருந்தது. பல்பு ஹோல்டர் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ஒயரின் மேல் உறை காய்ந்த முருங்கைக்காய்த் தோல்போல விறைத்து, வளைத்தால் வெடித்தது. அன்றிலிருந்து கற்றுக்கொண்டதையும், என் வண்டியிலும் தெருவில் நாலைந்து ஜீப்பிலும் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

கணக்கு எளிது. சாதாரண எச்4 பல்பு, அதாவது டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ஃபிலமெண்ட் உள்ள ஹெட்லைட் பல்பு, பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். இரண்டு பக்கமும் பிரைட் போட்டால் 120 வாட்; 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டு என்றால் ஏறக்குறைய 17 ஆம்பியர். இந்தக் கரண்ட் முழுவதும் பேட்டரியில் கிளம்பி, டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, காலடியில் டிப்பருக்கு இறங்கி, மறுபடி முன்னால் கிரில் வரைக்கும் போகிறது. முப்பது வருடத்து ஒயர், ஒயர் நுனியில் துருப்பிடித்த லக் (இணைப்புத் தகடு), தேய்ந்த சுவிட்ச். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் வோல்ட் வெப்பமாகக் கரைகிறது. மிச்சம்தான் பல்புக்கு.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். இஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். அப்புறம் எரியும் பல்பின் பின்பக்கம், ஹோல்டரின் உலோகத் தகடுகளிலேயே மீட்டரின் முனைகளைக் குத்திப் பாருங்கள். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் லோடு இல்லாததால் பொய் அளவுதான் காட்டும். என் வண்டியில் பேட்டரியில் 13.9, பல்பில் 11.2. இழுவை 2.7 வோல்ட். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போல விழுந்துவிடும். என் பல்புகள் கொடுத்துக்கொண்டிருந்தது கிடைக்க வேண்டியதில் பாதிதான். குறை பல்பில் இல்லவே இல்லை. அரை வோல்ட்டுக்குள் இழுவை இருந்தால் உங்கள் ஒயரிங் நல்லது, அதைத் தொட வேண்டாம்.

பேட்டரியிலேயே 14.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சரிபாருங்கள். இல்லையென்றால் நல்ல ஒயரிங் போட்ட பிறகு பல்பு மாதம் ஒன்று போகும்.

இனி ரிலே. சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பழைய சுவிட்சும் டிப்பரும் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யட்டும். அதற்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து நேரே குறுக்கு வழியில் போகட்டும். 12 வோல்ட், 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே இரண்டு வாங்குங்கள், ஒன்று டிம்முக்கு, ஒன்று பிரைட்டுக்கு. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலேயின் 30-க்கும் கொடுங்கள். இந்த ஃபியூஸை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பேட்டரிக்கும் ரிலேக்கும் நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அது ஒன்றுதான்.

ஒரு பக்கத்துப் பழைய ஹோல்டருக்கு வந்துகொண்டிருந்த டிம் ஒயர் முதல் ரிலேயின் 86-க்கு, பிரைட் ஒயர் இரண்டாவதன் 86-க்கு. இரண்டு 85-ம் எர்த். எந்த ஒயர் டிம், எது பிரைட் என்று கலரை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் யார் யாரோ மாற்றியிருப்பார்கள். டெஸ்ட் லாம்பு வைத்து டிப்பரை மிதித்துப் பாருங்கள். இன்னொரு பக்கத்துப் பழைய ஹோல்டர் இனி தேவைப்படாது, அதை நன்றாக டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். சில ஜப்பானிய வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும்; பல்புக்கு பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அப்படி இருந்தால் இந்த இணைப்பு அப்படியே பொருந்தாது.

87-லிருந்து பல்புக்குப் போகும் இடத்தில்தான் நான் கடைக்காரர்கள் செய்வதிலிருந்து மாறுகிறேன். வழக்கமாக ஒரே ஃபியூஸில் இரண்டு பல்பையும் சேர்த்துவிடுவார்கள். அது போனால் இரண்டும் போகும். நான் இடது டிம், வலது டிம், இடது பிரைட், வலது பிரைட் என்று நாலுக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறேன். ஒன்று போனாலும் மலையில் மூன்று மிஞ்சும். பல்புக்குப் போகிற ஒயர் 2.5 ஸ்கொயர் எம்எம். ஹோல்டர் பீங்கானில் வாங்குங்கள், பிளாஸ்டிக் வேண்டாம்.

எர்த்தைப் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். வெளியே போன கரண்ட் திரும்பி வர வேண்டுமே. என் வண்டியில் கிரில்லில் ஒரு ஸ்க்ரூவுக்கு எர்த் கொடுத்திருந்தார்கள், அந்த ஸ்க்ரூவைச் சுற்றிலும் பெயிண்ட், அடியில் துரு. 2.7 வோல்ட் இழுவையில் 0.9 அங்கே மட்டும் போயிருந்தது. இரண்டு பல்பிலிருந்தும் தனி எர்த் ஒயரை, பிளஸ்ஸுக்குப் போட்ட அதே தடிமனில், பேட்டரி மைனஸ் வரைக்கும் இழுத்துவிட்டேன். லக்குகளை அழுத்தி, சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் சுருக்கி, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். ரிலேயை மட்கார்டு உட்புறம் உயரமாக, ஒயர் இருக்கும் பக்கம் கீழே பார்க்க மாட்டுங்கள். ஓடை தாண்டும்போது தெறிக்கிற தண்ணீர் உள்ளே தேங்காது. எல்லாம் முடிந்து அளந்தபோது பல்பில் 13.5. சாமான் செலவு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள். அதே 60/55 வாட் பல்பில் கிலோமீட்டர் கல்லின் எழுத்தை அடுத்த வளைவின் முனையிலிருந்தே படித்தேன். அன்றைய சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு அப்புறம்தான் டூம், அதாவது பல்பு உட்காரும் ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் சேர்ந்த கிண்ணம். பழைய ஜீப்புகளில் 7 இஞ்ச் வட்ட லைட். உள்ளே பாருங்கள். ரிஃப்ளெக்டர் கண்ணாடிபோல மின்னாமல், சாம்பல் பூத்தோ மஞ்சள் பாய்ந்தோ இருந்தால் எந்தப் பல்பும் உதவாது. துணி விட்டுத் துடைக்காதீர்கள், பூச்சு கையோடு வந்துவிடும், மாற்றத்தான் வேண்டும். பல்பும் கண்ணாடியும் ஒரே உடலான பழைய சீல்டு பீம் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, எச்4 பல்பு ஏற்கும் டூம் போடுங்கள். அளவு ஒன்றுதான், அதே வளையத்தில் உட்காரும்.

வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது, அது இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா என்பது. நமக்கான டூமில் டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலதுபக்கம் மட்டமாக இருக்கும், இடதுபக்கம் சாய்வாக மேலேறும். ஓரத்தில் நடப்பவர் தெரிய வேண்டும், எதிரே வருபவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அந்த அமைப்பு. அமெரிக்க ஜீப்புக்காகச் செய்ததை மாட்டினால் வெளிச்சம் நேரே எதிர் டிரைவரின் முகத்தில் ஏறும். கடையிலேயே ஒரு பேட்டரியில் இணைத்து, சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

எல்இடி பல்பு போடலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். ஹாலஜன் டூமில் எல்இடி பல்பை மட்டும் செருகுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எச்4 பல்பில் டிம் ஃபிலமெண்டுக்குக் கீழே ஒரு சின்னத் தகடு கிண்ணம்போல இருக்கும். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைப்பதால்தான் மேலே அந்தக் கூர்மையான விளிம்பு விழுகிறது. ஃபிலமெண்ட் இருக்கும் புள்ளி மில்லிமீட்டர் தவறினாலும் ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தைக் கண்ட இடத்துக்கு இறைக்கும். விற்கிற எல்இடி பல்புகள் பல அந்தப் புள்ளியில் உட்காருவதில்லை. ஓட்டுகிறவருக்கு முன்னால் வெள்ளையாகப் பளிச்சென்று இருக்கும். எதிரே வருபவர் வளைவில் இரண்டு நொடி குருடாகிறார். அந்த இரண்டு நொடியில் அவர் வண்டி எங்கே போகும்? எல்இடிதான் வேண்டுமென்றால் முழு டூமும் எல்இடிக்காகவே செய்த, இடதுபக்க ஓட்டத்துக்கானதை வாங்குங்கள்.

ஹாலஜன் பல்பு மாட்டும்போது கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டு, பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

மேகத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரைட் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். மஞ்சள் விளக்கு மேகத்தைத் துளைக்கும் என்று எங்கள் பக்கம் பெரிய நம்பிக்கை. மேகத்தின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, மேல்விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதுதான் கணக்கு. பம்பருக்குக் கீழே, அகலமாக விரியும் பனிவிளக்கு இரண்டு, அதற்குத் தனி ரிலே, கூடவே டிம். இவ்வளவு போதும்.

கடைசி வேலை, எல்லோரும் தள்ளிப்போடும் வேலை, லைட்டை மட்டம் பார்ப்பது. சமதளத்தில் சுவரைப் பார்க்க வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். பல்பு நடுவிலிருந்து சுவர் 10 மீட்டர். தரையிலிருந்து பல்பு நடு எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் டேப் ஒட்டிக் குறியுங்கள். டிம்மின் மட்டமான விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஆனால் ஜீப்பின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஆள் ஏறினால் பின்னால் அமிழ்ந்து மூக்கு தூக்கும். காலி வண்டியில் வைத்த மட்டம் எட்டுப் பேரோடு எதிர் வண்டியின் கண்ணாடிக்கு ஏறிவிடும். அதனால் நான் பின்சீட்டில் தெருப் பிள்ளைகளையும் இரண்டு மூட்டை உரத்தையும் ஏற்றி வைத்துத்தான் பார்த்தேன். மேல் ஸ்க்ரூ ஏற்ற இறக்கத்துக்கு, பக்கத்து ஸ்க்ரூ இடவலத்துக்கு. இரண்டும் துருவில் இறுகியிருக்கும். முந்தைய ராத்திரியே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். வளையத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூவை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அதே அளவு டூம், அதே வாட் பல்பு என்று இருந்தால் உங்களுக்கும் பிரச்சினை இல்லை, எதிரே வருபவருக்கும் இல்லை. கூரை மேல் எல்இடி பார் தோட்டத்துக்குள் மட்டும். ரோட்டுக்கு வந்ததும் அணைத்து மூடி போட்டுவிடுங்கள்.

டேஷ்போர்டுக்குள் ஒரு துணியில் சுற்றி ஒரு எச்4 பல்பு, நாலு ஃபியூஸ், ஒரு ரிலே எப்போதும் இருக்கும். ரிலே கைவசம் இல்லாத நாளில் டிம் போய்விட்டால் பிரைட் ரிலேயைக் கழற்றி டிம் சாக்கெட்டில் செருகிக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே ரிலேதான். இருட்டிலும் கை தானாகப் போகும்படி டிம் சாக்கெட்டில் நான் ஒரு சுற்று நூல் கட்டி வைத்திருக்கிறேன்.