பழைய தாடி ஐரிஸ்: நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள்

பெயர்ச்சீட்டு தொலைந்துபோன பழைய தாடி ஐரிஸ் (தொங்கும் இதழ்களில் தாடிபோல் மயிர்வரிசை உள்ள பூச்செடி) பூத்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். படம் எடுத்து, நிறம் பொருந்துகிற ஏதோ ஒரு ரகத்தின் பெயரை அதற்குச் சூட்டிவிடுவார்கள். ஆனால் அன்று விரிந்த பூவும் மூன்று நாள் வெயிலில் வெளுத்த பூவும் ஒரே தண்டில் இருந்தாலும் இரண்டு ரகம் போலத் தெரியும். கேமராவோ ஊதாவை நீலமாக்கிவிடும். புதுப்பூவை நிழலில் வைத்துக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைவிட அமைப்பு முக்கியம். மூன்று இதழ்கள் நிமிர்ந்திருக்கும், மூன்று தொங்கும். மேலே வெள்ளை, கீழே வண்ணம் என்றால் அது அமீனா என்ற வகை. மேலே மஞ்சள், கீழே பழுப்போ மெரூனோ என்றால் வேரிகேட்டா. வெளிர் இதழின் ஓரத்தில் ஊசித்தையல் போட்டதுபோல் அடர்நிறப் புள்ளிகளும் கோடுகளும் இருந்தால் பிளிகேட்டா. 1844-இல் வந்த 'மேடம் ஷெரோ' அந்த வகை: வெள்ளைப் பூ, நீல ஓரம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தொங்கும் இதழின் அடியில் தாடிக்கு இருபுறமும் ஓடும் நரம்புக் கோடுகளைப் பார்த்துவிட்டுப் பிளிகேட்டா என்று முடிவுகட்டிவிடுவார்கள். அந்தக் கோடுகள் பழைய ரகங்கள் பலவற்றில் சாதாரணம். நிமிர்ந்த இதழ்களின் ஓரத்திலும் தையல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய விற்பனைப் பட்டியல்களின் வருணனை இன்னொரு பொறி. அவற்றில் 'சிவப்பு' என்றால் பெரும்பாலும் மெரூன். 'இளஞ்சிவப்பு' என்றால் ஊதா கலந்த ஒரு மங்கல் நிறம். ஆரஞ்சுத் தாடியோடு கூடிய அசல் இளஞ்சிவப்பு 1940-களில்தான் வந்தது. அப்படியொரு பூவுக்கு 1910-ஆம் ஆண்டு ரகத்தின் பெயரை வைத்தால் தேதியே காட்டிக்கொடுத்துவிடும். இதழோரம் நன்றாக அலையலையாகச் சுருண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். பழைய பூக்களின் இதழ்கள் பொதுவாகத் தட்டையானவை, கொஞ்சம் துவண்டவை.

அப்புறம் உயரம், பூக்கும் காலம், மணம், தாடியின் நிறம், மொட்டை மூடும் உறை, எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பூக்கும்போதே உறை வெள்ளிக் காகிதம் போல் காய்ந்திருந்தால் பல்லிடா என்ற ஐரிஸ் இனத்தின் வழி வந்ததாக இருக்கலாம். கொத்துக்குள் விதை விழுந்து முளைத்த செடி தாயைப் போல இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தபிறகும் 1840-இன் 'ஹோனராபில்' எது, 1884-இன் 'கிராக்கஸ்' எது என்று குழப்பம் வரும்; இரண்டுமே மஞ்சளும் மெரூனும்தான். பெயர் உறுதியான செடியைப் பக்கத்தில் நட்டு, ஒரே பருவத்தில் ஒப்பிடும்வரை சீட்டில் 'ஹோனராபில் போன்றது' என்று மட்டும் எழுதுங்கள்.