எஃப்ஐஓவில் நேரம் வைத்து டிஸ்க் சோதிப்பது: 60 செக்கன் என்றால் 60 செக்கன்தானா?

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ பாவித்த எஸ்எஸ்டி வாங்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது, எஃப்ஐஓ ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள் என்பதுதான். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய, டிஸ்கின் வேகத்தை அளக்கிற இலவச டூல், லினக்ஸ் பென்ட்ரைவ் ஒன்று கையில் இருந்தால் கடையிலேயே ஓட்டலாம். ஆனால் பொடியன்கள் அனுப்புகிற ஸ்கிரீன்ஷொட்டுகளில் பெரும்பாலும் ஒரே இடம்தான் பிழைக்கிறது, நேரம். "60 செக்கன் டெஸ்ட் அண்ணே" என்கிறார்கள், அந்த 60 செக்கனில் டிஸ்க் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

ஒப்ஷன் பெயர்களை உச்சரிப்பிலேயே எழுதுகிறேன், இரண்டு சொல் சேர்ந்த பெயர்களுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் முடிவின் கடைசிப் பகுதியில் ‘ரன்’ என்று மில்லிசெக்கனில் ஒரு எண் வரும், அதைப் பாருங்கள். 60 செக்கன் கேட்டிருந்தால் அது 60000ஐ ஒட்டி இருக்க வேண்டும். 8500 என்று இருந்தால் டெஸ்ட் எட்டு செக்கன் சொச்சத்தில் முடிந்துவிட்டது என்று அர்த்தம். காரணம், எவ்வளவு நேரம் என்று கேட்கிற ‘ரன்டைம்’ என்பது மேல் எல்லை மட்டும்தான். டெஸ்ட் ஃபைலின் அளவான ‘சைஸ்’ 4 ஜிபி என்று வைத்து, டிஸ்க் 500 எம்பி வேகத்தில் வாசித்தால் ஃபைல் முடிந்த உடனே எஃப்ஐஓவும் நின்றுவிடும், மிச்ச நேரம் ஓடாது. ‘டைம் பேஸ்ட்’ என்பதைச் சேர்த்தால்தான் ஃபைல் முடிந்தாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்கி, கேட்ட நேரம் முழுக்க ஓடும்.

சரி, அதைச் சேர்த்தாயிற்று. இப்போது ஒரு ஜிபி ஃபைலையே அறுபது செக்கனும் சுற்றிச் சுற்றி வாசித்தால், ‘டைரக்ட்=1’ போடாத பட்சத்தில் வருவது ரேமின் வேகமாக இருக்கலாம், டிஸ்கின் வேகம் அல்ல. ஆகவே ரேமில் தேங்காமல் நேரே டிஸ்கிடம் போகிற டைரக்ட் கட்டாயம், ஃபைலும் பெரிதாக இருக்கட்டும். ஃபைலுக்குப் பதிலாக முழு டிஸ்கையே ‘ஃபைல்நேம்’ ஆகக் கொடுக்கிறவர்கள் கவனம், எழுதும் டெஸ்ட் என்றால் உள்ளே இருக்கிற எல்லாம் அழியும். அடுத்தவருடைய டிஸ்க் என்றால் ‘ரீட்ஒன்லி’ போடாமல் என்டரைத் தட்டவே வேண்டாம்.

எழுதும் டெஸ்டில்தான் நேரம் ஆளை ஏமாற்றும். மலிவான எஸ்எஸ்டிகள் வருகிற டேட்டாவை முதலில் எஸ்எல்சி கேஷ் என்ற வேகமான பகுதியில் போட்டுக்கொள்ளும், அது நிரம்பிய பிறகுதான் உண்மையான வேகம் வெளியே வரும், சிலவற்றில் அது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்கை விடவும் கீழே போகும். 400 எம்பி வேகத்தில் 60 செக்கன் எழுதினால் 24 ஜிபி, வெறுமையாக இருக்கிற டிஸ்கில் கேஷ் அதைவிடப் பெரிதாகவே இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் அளந்தது கேஷை மட்டும். இதற்கு ‘ராம்ப் டைம்’ இருக்கிறது: அந்த நேரத்தில் வேலை நடக்கும், கணக்கில் சேராது. ராம்ப் 120, ரன்டைம் 300 என்றால் மொத்தம் 420 செக்கன் ஓடும், ராம்ப் ரன்டைமுக்குள் அடங்காது.

ராம்ப் எவ்வளவு வைப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. முதல் தடவை ராம்ப் இல்லாமல், வேகத்தை ஃபைலில் பதிகிற ‘ரைட் பிடபிள்யூ லொக்’ கொடுத்து, ‘லொக் ஏவிஜி எம்செக்’ 1000 என்று வைத்து ஓட்டுங்கள். செக்கனுக்கு ஒரு வரி விழும், முதல் எண் கடந்த மில்லிசெக்கன், இரண்டாவது கேபியில் வேகம். நாலு லட்சம் நாலு லட்சம் என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று எண்பதாயிரத்துக்கு விழுகிற வரி எது என்று தேடுங்கள், அதன் நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ராம்பை வையுங்கள். சராசரியை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த விழுகை தெரியவே தெரியாது, எனக்கு இந்த லொக்தான் எஃப்ஐஓவிலேயே மிகவும் பெறுமதியான விஷயம்.

இன்னொரு வழி, எப்போது நிறுத்துவது என்பதை டூலிடமே விடுவது. ‘எஸ்எஸ்’ (ஸ்டெடி ஸ்டேட், அதாவது வேகம் நிலைத்த நிலை) இல் ஐஓபிஎஸ் (செக்கனுக்கு எத்தனை வாசிப்பு, எழுத்து) 10% என்று கொடுத்து, ‘எஸ்எஸ் டியூர்’ 120 என்று வைத்தால், கடைசி இரண்டு நிமிஷமும் எண்கள் சராசரியிலிருந்து பத்து வீதத்துக்குள் அடங்கியதும் டெஸ்ட் நிற்கும். ரன்டைமை 1800 என்று உச்ச எல்லையாக வைத்துக்கொள்ளலாம், டைம் பேஸ்ட் அப்படியே இருக்கட்டும். எஸ்எஸ் டியூர் கொடுக்க மறந்தால் இந்த வசதி வேலையே செய்யாது, அதன் இயல்பு மதிப்பு 0.

ஹார்ட் டிஸ்க் என்றால் கதை வேறு. முழு டிஸ்கையே ஃபைல்நேம் ஆகக் கொடுத்து, 150 எம்பி வேகத்தில் 60 செக்கன் வரிசையாக வாசித்தால் 9 ஜிபி, ஒரு டிபி டிஸ்கில் ஒரு வீதம்கூட இல்லை, அதுவும் தட்டின் வெளி ஓரம், மிகவும் வேகமான இடம். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிற ‘ஒஃப்செட்’ 90% என்று வைத்து இன்னொரு தடவை ஓட்டுங்கள், கிட்டத்தட்ட பாதிக்கு இறங்குவது வழமை, பயப்பட வேண்டாம்.

அப்புறம் நம்முடைய ஊர் சூடு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் பத்து நிமிஷம் ஓட்டினால் என்விஎம்இ டிஸ்க் (வேகமான வகை எஸ்எஸ்டி) சூடாகி, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், லொக்கில் அதுவும் ஒரு விழுகையாகத்தான் தெரியும். கேஷா சூடா என்று பிரித்துப் பார்க்க, அதே நீளத்துக்கு ஒரு வாசிக்கும் டெஸ்ட் ஓட்டுங்கள். எஸ்எல்சி கேஷ் நிரம்புவது எழுதும்போது மட்டும்தான், வாசிக்கும்போதும் வேகம் விழுந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்கிற ஸ்மார்ட் தகவலில் முன்னும் பின்னும் வெப்பநிலையைப் பார்த்து, ஃபேன் ஒன்றை நேரே திருப்பி வைத்து இன்னொரு தடவை ஓட்டினால் விஷயம் உறுதியாகும். நீண்ட டெஸ்டை பேட்டரி உள்ள லெப்டொப்பிலோ யுபிஎஸ்ஸிலோ ஓட்டுங்கள், நடுவில் கரண்ட் போனால் முடிவும் இல்லை, திரும்பவும் முதலிலிருந்துதான்.